மாப்பிள்ளை அசையவில்லை!

பீப்... பீப்... பீப்...!

சுபாஷினியின் கைப்பேசி அலறியது.

பல் துலக்கிக்கொண்டிருந்தவள், பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே ஓடி வந்து திரையைப் பார்த்தாள்.

சிவப்பு எழுத்துகள்!

'மாப்பிள்ளை. நேற்றிலிருந்து அசைவு இல்லை. இறந்திருக்கலாம்.'

அதிர்ச்சியில் நுரையை விழுங்கிவிட்டாள்.

மாப்பிள்ளை என்றதும் நீங்கள் பதற வேண்டாம். சுபாஷினிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதற்காக அவள் அம்மா ஏறி இறங்கும் கோயில்களின் கதை வேறு.

மாப்பிள்ளை ஒரு குரங்கு!

பலாபத்வலைப் பக்கத்து மிளகுத் தோட்டங்களில் திரிகிற ஆண் குரங்கு. சொல்லாமல் வரும். இருப்பதைத் தின்னும். போகும்போது குறை சொல்கிற மாதிரி ஒரு முறைப்பு வேறு. ஊரார் அந்தப் பெயரை வைத்ததில் தப்பே இல்லை.

டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் சுபாஷினிதான் அதன் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டி கட்டியவள். கட்டியதோடு சரி. பிறகு மாத்தளை டவுனில் வாடகை அறையில் இருந்துகொண்டு, அது போகிற இடமெல்லாம் கணினியில் பார்த்தாள். தோட்டத்துக்குள் ஏன் போக வேண்டும்? அங்கே அட்டை கடிக்குமே!

அப்படிப் பார்த்ததில் கண்டுபிடித்தாள் பாருங்கள்... உலகமே வாய் பிளந்தது.

மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை பகலில் பள்ளிவாசலுக்குப் போகிறது! ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிறது! பாடசாலை விடும் நேரத்துக்கு வாசலில் வந்து காத்திருக்கிறது!

'கிழமை அறிந்த குரங்கு' என்று கட்டுரை எழுதினாள். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று அதைப் பிரசுரித்தேவிட்டது!

இப்போது அந்த அறிவுக்கொழுந்து அசையவில்லை...

மறுபடியும் கைப்பேசி. இந்தமுறை அவளுடைய பேராசிரியர் இராசமாணிக்கம்.

"சுபாஷினி! நோர்வேயிலேருந்து பேராசிரியை வந்துட்டாங்க. மத்தியானம் பலாபத்வலைக்குக் கூட்டிட்டு வர்றேன். குரங்க ரெடி பண்ணி வை!"

"சேர்... அது வந்து..."

"அவங்க நல்லதா ஒரு வார்த்தை சொன்னா உனக்குப் பட்டம். கெட்டதா சொன்னா..."

"சொன்னா?"

"திரும்ப முதல்லேருந்து. வேற மிருகம், வேற பேராசிரியர்!"

தொடர்பு அறுந்தது. சுபாஷினி வாயைக் கொப்பளித்துவிட்டுப் பலாபத்வலைக்கு ஓடினாள்.

*

பலாபத்வலைத் தெருவில், அவள் போனில் அழைத்திருந்த ஸியாம் காத்திருந்தான்.

அதே பல்கலைக்கழகம். சமூகவியல். 'மனிதரும் குரங்குகளும்' என்று அவனும் டாக்டர் பட்டத்துக்கு எழுதுகிறான். அந்தத் தெருவில் அவன் பேட்டி எடுக்காத வீடு இல்லை, பிளேன்டீ குடிக்காத கோப்பை இல்லை.

சுபாஷினி கையில் ஒரு அன்டெனாவை உயர்த்திப் பிடித்தபடி நடந்தாள். பட்டியிலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்கிற கருவி.

மதிலுக்கு மேல் ஒரு தலை. பரிமளம். தெருவில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது என்ற கொள்கை உடையவர்.

"மிஸ்! எங்க வீட்டுலயும் டிவி இழுக்குது. அப்படியே வந்து பாத்துட்டுப் போங்களேன்!"

"இது அதுக்கில்ல அக்கா. மாப்பிள்ளையத் தேடுறேன்."

"தேடுங்க தேடுங்க. வயசும் ஏறுதில்ல!"

தலை மறைந்தது.

"கொலை, ஸியாம்! கண்டிப்பா கொலை!"

"ம்ம்..."

"இந்தத் தெருவுல எல்லாருக்கும் அது மேல கோபம். யார் செஞ்சாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சாலும் சொல்ல ஏலாது."

"என்ன?!"

"பேட்டியில சொன்னத வெளியில சொல்லக் கூடாது. ஆராய்ச்சி ஒழுக்கம்."

"அப்ப கொலைகாரன் உங்ககிட்டயே ஒத்துக்கிட்டானா?"

ஸியாம் வானத்தைப் பார்த்தான். மழை வருமா என்று கவலைப்படுகிறவன் மாதிரி.

பீப்... பீப்பீப்... பீபீபீபீப்!

அன்டெனா ஒரு வீட்டைக் காட்டியது. த்ரீவீலர் ஓட்டும் ஸஹாப்தீனின் வீடு!

குசினியில் அவர் மனைவி நஸ்மியா. ஒரு கையில் கத்தி. இரண்டு கைகளிலும்... மணிக்கட்டு வரை... சிவப்பு!

அடுப்பில் பெரிய சட்டி. மூடி துடித்தது.

சுபாஷினி வாசலிலேயே உறைந்தாள்.

"அ... அந்தச் சட்டியில என்ன?"

"பொலஸ்."

"பொய்! மூடியத் திறங்க!"

நஸ்மியா திறந்தார். ஆவி பறந்தது. உள்ளே பிஞ்சுப் பலாக்காய்த் துண்டுகள் பக்குவமாக வெந்துகொண்டிருந்தன.

"என்ன புள்ள, பலாக்கா கண்டதில்லையா? கம்பஸ்ல இதெல்லாம் காட்டித் தரமாட்டாங்களா?"

"உங்க கை...?"

"மொளகாத்தூள். கண்ணுல தடவிக் காட்டவா?"

"வேணாம் அக்கா! மாப்பிள்ளைய கடைசியா எப்ப பாத்தீங்க? உண்மையச் சொல்லுங்க!"

"இப்பதான்."

"எ... எங்க?"

நஸ்மியா கத்தியை மெல்ல உயர்த்தினார்...

...கூரையைக் காட்டினார்.

"அந்தா. நாசமாப் போனவன், விடிஞ்சதிலேருந்து ஓட்டப் புரட்டிட்டு இருக்கான்!"

சுபாஷினி முற்றத்துக்கு ஓடினாள். அண்ணாந்து பார்த்தாள்.

மாப்பிள்ளை! முழு உயிரோடு! கொழுகொழுவென்று! யாருடைய தோட்டத்து வாழைப்பழத்தையோ உரித்துக்கொண்டு!

"உயிரோட இருக்கு ஸியாம்! உயிரோட இருக்..."

பாதியில் நின்றது குரல்.

மாப்பிள்ளையின் கழுத்தில் ஒன்றும் இல்லை. வெறும் மயிர்.

"அக்கா... இவன் சந்தைப் பக்கம் போறதில்லையா?"

"இவனா? இந்தத் தெருவத் தாண்ட மாட்டான். சோம்பேறி!"

அப்படியானால்... இத்தனை நாளும் அவள் பின்தொடர்ந்தது யாரை?

அசையாமல் கிடப்பது... யார்?

பீபீபீபீபீப்!

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நீலப் படங்கு போர்த்திய ஏதோ ஒன்று.

படங்குக்கு வெளியே... இரண்டு கால்கள்! கறுப்பாய் ஏதோ வழிந்தபடி!

"ஆஆஆஆ!"

சுபாஷினி போட்ட சத்தத்தில் கால்கள் துள்ளின. 'டங்' என்று எதிலோ தலை மோதியது.

"யா அல்லாஹ்! யாருடா அது?"

படங்கை விலக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் எண்ணெயோடு ஸஹாப்தீன் ஊர்ந்து வந்தார். பின்னால் தெரிந்தது அவருடைய த்ரீவீலர்.

"ஸஹாப்தீன் நானா! குரங்குட பட்டி எங்க?"

"எந்தப் பட்டி? ஓ... அதுவா! சீட்டுக்கடியில கெடக்கு புள்ள."

எடுத்து நீட்டினார். கிரீஸ் பூசிய, லட்சக்கணக்கில் பெறுமதியான விஞ்ஞானம்.

"அவன் கழுத்த சொறிஞ்சிட்டே இருந்தான். நஸ்மியாவுக்கு மனசு கேக்கல்ல. பழத்தக் குடுத்து கழட்டிட்டா. 'மிஸ்கிட்ட குடுங்க'ன்னு என்கிட்ட தந்தா. இன்னைக்கு குடுப்போம், நாளைக்கு குடுப்போம்னு வச்சிருந்தேன். ஹயர், சவாரின்னு வந்துட்டே இருந்திச்சு, அப்படியே போயிருச்சு."

சுபாஷினி விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"வெள்ளிக்கிழமை... பள்ளிவாசல்?"

"ஜும்ஆவுக்குப் போகாம இருக்க ஏலுமா?"

"ஞாயிறு சந்தை?"

"மிளகு மூட்டை ஏத்துற ஹயர்."

"பாடசாலை வாசல்?"

"ஸ்கூல் ஹயர் புள்ள. பிள்ளைகள வீட்டுல விடணுமே!"

"நேத்திலேருந்து அசையல்லையே...?"

ஸஹாப்தீன் தலைகுனிந்தார்.

"கியர்பொக்ஸ் மௌத்தாப் போச்சு."

கூரையில் மாப்பிள்ளை மட்டும் ஏப்பம் விட்டது போலிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நானா! என் வாழ்க்கையே போச்சே!"

"சொன்னேனே! இந்தத் தம்பி பேட்டிக்கு வந்தப்ப சொன்னேன். 'மிஸ்கிட்ட குடுத்துருங்க'ன்னு கையில குடுத்தேன். அவருதான், 'வேணாம் நானா, இருக்கிற இடத்திலயே இருக்கட்டும்'னாரு!"

சுபாஷினி மெதுவாகத் திரும்பினாள்.

ஸியாம் கொட்டகை வாசலை அளந்துகொண்டிருந்தான். ஓடுவதற்கு.

"நில்லுங்க! ஏன் ஸியாம்?"

"களத்துல நடக்கிறதுல ஆய்வாளர் தலையிடக் கூடாது, சுபாஷினி."

"உங்க ஆராய்ச்சி மனுஷரும் குரங்கும்தானே? நான் எப்படி உங்க களம்?"

ஸியாம் வாசலை விட்டு ஓரடி உள்ளே வந்தான்.

"அது வெளியில சொல்ற தலைப்பு. நான் குரங்கையும் பாக்கல்ல, இந்தத் தெருவையும் பாக்கல்ல..."

"வேற?"

"உங்களத்தான் பாத்தேன்!"

சுபாஷினியின் கையிலிருந்து அன்டெனா விழுந்தது.

"ஓர் ஆய்வாளர் தன்னோட தரவு தப்புன்னு எப்பவாவது ஒத்துக்குவாரா? அதுதான் என் கேள்வி. ஒத்துக்கவே மாட்டார்ங்கிறது என் முடிவு. மாப்பிள்ளை பெட்ரோல் ஷெட் கியூவுல நின்னுச்சே... அப்பகூட நீங்க என்ன எழுதினீங்க?"

"பெட்ரோல் வாசனையில நாட்டம்னு..."

"பாத்தீங்களா!"

"அப்ப அந்த நோர்வே அம்மா?"

"சமூகவியல். என்னோட பரீட்சகர். உங்க சேர் மின்னஞ்சல முழுசா வாசிக்கிறதில்ல. அவங்க குரங்கப் பாக்க வரல்ல சுபாஷினி... உங்களப் பாக்க வர்றாங்க!"

வெளியே வேனின் ஹோர்ன்.

ஸியாம் கிசுகிசுத்தான்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல்ல. நஸ்மியா அக்காகிட்ட பழம் இருக்கு. பட்டிய மறுபடி மாட்டிருங்க. உங்க சேர்கிட்ட நாங்க யாரும் வாயத் திறக்க மாட்டோம், ஆராய்ச்சி ஒழுக்கம். உங்களுக்கும் பட்டம், எனக்கும் பட்டம்!"

சுபாஷினி பட்டியைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். ஒரு பழம் போதும். மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"எங்க குரங்கு? எங்க நம்ம குரங்கு?" என்று பல்லெல்லாம் தெரிய வந்தார் பேராசிரியர் இராசமாணிக்கம். பின்னால், உயரமான நோர்வேப் பேராசிரியை.

சுபாஷினி நேராக அந்தப் பேராசிரியையிடம் போனாள். பட்டியை நீட்டினாள். ஆங்கிலத்தில் சொன்னாள்.

"மேடம், நான் எழுதினது முழுக்கத் தப்பு. நான் ஆராய்ச்சி பண்ணினது குரங்க இல்ல, ஒரு த்ரீவீலர. தோட்டத்துல இறங்கி ஒரு தடவையாவது கண்ணால பாத்திருக்கணும். பாக்கல்ல. கட்டுரைய இன்னைக்கே திரும்ப எடுத்துக்கிறேன்."

"ஐயோஓஓ!"

அலறியது சுபாஷினி அல்ல, இராசமாணிக்கமும் அல்ல.

ஸியாம்!

"ஒத்துக்காதீங்க சுபாஷினி! ஒத்துக்கிட்டீங்கன்னா என் முடிவு செத்துரும்!"

செத்துவிட்டது. ஒரே போடு. கத்தியின்றி, ரத்தமின்றி, பட்டப்பகலில், சாட்சிகள் முன்னிலையில். இந்தக் கதையில் விழுந்த ஒரே பிணம் ஸியாமின் ஆய்வேடுதான்!

நோர்வேப் பேராசிரியை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஆய்வாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றல்லவா எழுதியிருந்தீர்கள்?"

"ஆமா மேடம்... போன நிமிஷம் வரைக்கும் அது சரியாத்தான் இருந்திச்சு."

அவர் சுபாஷினியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்படி ஒருவரை இப்போதுதான் நேரில் காண்கிறேன். இராசமாணிக்கம், இந்தப் பெண்ணுக்கு இன்னொரு வருடம் கொடுங்கள். இந்தமுறை கண்ணால் பார்த்து எழுதட்டும்."

"நிச்சயமா மேடம். நான் அப்பவே சந்தேகப்பட்டேன்" என்றார் இராசமாணிக்கம், கூச்சமே இல்லாமல்.

சுபாஷினிக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று யோசிப்பதற்குள்...

படார்!

கூரையிலிருந்து ஓடு ஒன்று சரிந்து, இரண்டு பேராசிரியர்களுக்கும் நடுவில் விழுந்து நொறுங்கியது.

அகப்பையோடு வெளியே வந்தார் நஸ்மியா.

"நல்லாப் பாத்துக்கங்க! மேல இருக்கிறது குரங்கு. கொட்டகையில கெடக்கிறது த்ரீவீலர். இத்தனை படிச்சவங்க நிக்கிறீங்களே... அடுத்த ஆராய்ச்சிய தொடங்க முந்தி, யாராவது ஒருத்தர் ஒரு கல்லெடுத்து எறியுங்களேன்!"