மிதியில் யார் கால்?

தம்பிராஜா கீபோர்டின் மேல் கவிழ்ந்து கிடந்தார்.

உயிர் போய் இரண்டு மணி நேரம்.

கீபோர்டு மட்டும் சாகவில்லை!

அவருடைய மார்பு அமுக்கிய கட்டைகளைக் கம்ப்யூட்டர் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் ஒரே சத்தம்... ஊஊ... வ்வாங்... வ்வாங்... வ்வாங்...

பின்மண்டை பிளந்திருந்தது. அடித்த பொருளைக் காணவில்லை!

2007. கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் பாட்டு ஸ்டூடியோ. சப் இன்ஸ்பெக்டர் விஜேகோன் வாசலைத் தாண்டவில்லை. இடுப்பில் துப்பாக்கி, முகத்தில் வேர்வை.

பக்கத்துச் சந்தில் ரேடியோ திருத்தும் எழுபது வயது மஹ்ரூபை ஒரு கான்ஸ்டபிள் இழுத்து வந்து நிறுத்தினான்.

"மேசைக்குக் கீழ ஒயர்... அது போம்ப, வெடிகுண்டு! கொழும்புல ஆக்கள் வர நேரம் போகும். நீ பாரு!" என்றார் விஜேகோன்.

"வெடிச்சா நான் மவுத்தாகிறது பரவால்லயா மாத்தயா?"

"நீ கெழவன்தானே!"

மஹ்ரூப் அவரை மேலும் கீழும் பார்த்தார். இவருக்கெல்லாம் சம்பளம் வேறு!

"போம்புண்டு ஆரு சென்ன?"

"நான்தான் மாமா," என்றான் ஷிராஸ். செத்தவருடைய கூட்டாளி. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்திருந்தான். "மேசைக்கடீல புது ஒயர் ஈக்கு. தொட வாணாம் மாமா!"

படிக்கட்டில் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்தான் விமலநாதன். கீபோர்டு வாசிப்பவன். பிணத்தை முதலில் பார்த்து அலறியவன். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். போதாதா?

"சத்தம் ஆடுது... அது சிக்னல்! இவன் கொட்டியா... புலி! நாலு மணிக்குக் கொழும்பு," என்றார் விஜேகோன்.

கீழே ஜீப் தயார். அதில் ஏறினவன் திரும்புவது எந்த வருஷமோ!

"நாவலப்பிட்டியில மனுசி பாத்துக்கொண்டு இருப்பா, மஹ்ரூப் நானா..." விமலநாதனின் குரலும் ஆடியது.

"அழுவாத. கேக்கிறதுக்குப் பதில் செல்லு. இந்தச் சத்தம் எப்பவும் இப்பிடி ஆடுமா?"

"இல்லை நானா! உது நேரா நிக்கிற சத்தம்!"

மஹ்ரூப் உள்ளே போனார். கம்ப்யூட்டர் சங்கீதம் என்றாலே அவருக்கு ஆகாது.

"பொட்டிக்குள்ள வயலின் ஈக்கு, குழல் ஈக்குண்டு பீத்தினீங்க. இப்ப போம்பும் ஈக்காம்!"

"ஸ்கிரீன்ல நடுக்கம் கூட்டுற வட்டம் ஒண்டு இருக்குது, பாருங்கோ. எத்தினையில நிக்குது?" விமலநாதன் படியிலிருந்தே கத்தினான்.

"சைபர்!"

"கீபோர்டுக்கு இடப்பக்கம் நடுக்கத்துக்குச் சுத்துற சில்லு ஒண்டு?"

"அதுவும் கீழ எறங்கித்தான் ஈக்கு!"

"அப்ப ஆட ஏலாதே!"

ஆடியது. வ்வாங்... வ்வாங்...

மஹ்ரூப் தாடியைச் சொறிந்தார்.

"டேய்... தையல் மெஷின் மிதீல ஸ்ப்ரிங் போட்டு தம்பிராஜாக்கு ஒண்டு செஞ்சு குடுத்தேனே? அது எங்க?"

"மேசைக்குக் கீழ, நானா! சுரத்தை நடுக்கிறதுக்கு அண்ணை அதைத்தான் மிதிப்பார். காலை எடுத்தா நடுக்கம் நிண்டிடும்!"

மஹ்ரூப் பிணத்தின் கால்களைப் பார்த்தார். இரண்டும் கதிரைக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தன.

அப்படியானால் மிதியில் யார் கால்?

கால் இல்லை... பாரமான ஏதோ ஒன்று!

அலுமாரி, கக்கூஸ், கூரை... போம்புப் பேச்சு வருமுன்பே கான்ஸ்டபிள்கள் தேடாத இடமில்லை. தொடாதது இந்த ஒயர்க் குவியல் ஒன்றைத்தான். தொட வேண்டாம் என்றது யார்?

மஹ்ரூப் வாசலுக்கு வந்து குரலை உயர்த்தினார்.

"மாத்தயா! குறடு கொண்டாந்து ஒயர வெட்டப் போறன். வெடிச்சா வெடிக்கட்டும். எல்லாரும் கீழ எறங்குங்க!"

அடுத்த நொடி...

விஜேகோன் முதலில் ஓடினார்! தொப்பி பின்னால் உருண்டது. கான்ஸ்டபிள் விமலநாதனை இழுத்துக்கொண்டு பாய்ந்தான்.

மஹ்ரூப் குறடு எடுக்கப் போவதுபோல் எட்டுப் படி இறங்கி, திருப்பத்தில் நின்றார். காதைத் தீட்டினார்.

வ்வாங்... வ்வாங்... வ்வா...

ஊஊஊஊஊ...

ஆட்டம் நின்றுவிட்டது!

"மாத்தயா! ஓடி வாங்க! போம்பு இல்ல!"

சாத்தியிருந்த கதவை உதைத்துத் திறந்தார்.

மேசைக்கடியிலிருந்து பாதி உடம்போடு வெளியே வந்துகொண்டிருந்தான்... ஷிராஸ்!

கையில் சுருட்டிய துவாய்த் துணி.

"மாமா... நான் ஒயரப் பாக்க..."

"போம்புண்டு ஊரக் கூட்டினவன், எல்லாரும் ஓடக்குள்ள அதுக்குள்ளயே பூந்தியா? அவ்வளவு தைரியமா ஒனக்கு?"

மூச்சிரைக்க வந்த விஜேகோன் துவாயைப் பிடுங்கி உதறினார்.

டங்!

மைக் ஸ்டாண்டின் வட்ட இரும்பு அடித்தட்டு. விளிம்பில் காய்ந்த ரத்தம்... நாலைந்து நரை முடி!

ஷிராஸ் சுவரில் சரிந்தான்.

"என்ட மெட்டுக்கு அவன்ட பேரப் போட்டு சீடி அடிச்சான் மாமா! கேட்டதுக்குச் சிரிச்சான்... ஒளிச்சு வெக்க வேற எடம் கெடைக்கல்ல..."

"மெட்டுப் போடத் தெரிஞ்சவனுக்கு மிதி எங்க ஈக்குண்டு தெரியல்ல. தூ!"

விலங்கு கை மாறியது. விமலநாதன் மணிக்கட்டைத் தடவியபடி நாவலப்பிட்டி பஸ்ஸுக்கு ஓடினான்.

விஜேகோன் மட்டும் தலையில் கை வைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ! புலி பிடிச்சது சொல்லி கொழும்புக்குப் பேசிட்டேனே! இப்ப என்ன சொல்றது?"

மஹ்ரூப் சாரத்தை மடித்துக் கட்டினார்.

"புலி மேசைக்கடீல பூந்து பூனையா மாறிட்டுண்டு செல்லுங்க மாத்தயா... நீங்க ஓடின வேகத்துக்கு அவங்க நம்புவாங்க!"