ஒன்பது பாட்டைக் காணோம்!

"ஐயோ... காணோம்!"

தையல் கடை மாடியில், சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்த ஒற்றை அறை ரெக்கார்டிங் ஸ்டுடியோவிலிருந்து வந்த அலறல் தெருமுனை வரை கேட்டது. மெத்தை அடித்தும் பிரயோஜனமில்லை. பாடகியின் தொண்டை அப்படி!

நாட்டுப்புற மெட்டில் அவளே எழுதி, அவளே பாடிய முதல் ஆல்பம். ஒன்பது பாட்டு. சாயங்காலம் வெளியீடு. அத்தனையும் இருந்த ஹார்ட் டிஸ்க்... அம்பேல்!

இன்ஸ்பெக்டர் வந்தார்.

"காப்பி இருக்குமே?"

கம்பெனி முதலாளி நெளிந்தார். அங்கே முதலாளி, மேனேஜர், பியூன் எல்லாமே அவர்தான்.

"எடுக்கலை சார்... காப்பி எடுத்தா திருட்டுப் போயிடுமேன்னு..."

"அடேங்கப்பா! என்னா மூளை!"

பாடகி விசும்பினாள்.

"எல்லாக் கம்பெனியும் கதவைச் சாத்தினப்புறம் இவர் ஒருத்தர்தான் சார் திறந்தாரு. இதுவும் போச்சுன்னா நான் அவ்வளவுதான்!"

பூட்டு உடையவில்லை.

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட ஒண்ணு. சவுண்ட் இன்ஜினீயர்கிட்ட ஒண்ணு. எந்நேரமும் காதுல அதை மாட்டிக்கிட்டே திரியறதால அவன் பேரே ஹெட்போன்! அவன் போன் காலையிலேருந்து ஸ்விட்ச் ஆஃப்!"

"கேஸ் முடிஞ்சுது!" இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார்.

படியில் காலடி ஓசை...

கதவு திறந்தது. ஹெட்போன்! கையில் டிஸ்க்! முகத்தில் ஈயாடவில்லை.

"நான் திருடலை சார்... என்னையும் சேர்த்துக் கடத்திட்டாங்க!"

"யாரு?"

"நான்தான்!"

மூச்சு வாங்கப் பின்னால் ஏறி வந்தார் பாடகியின் மாமியார்.

"அ... அத்தை!"

"என்னடி பாடியிருக்கே நாலாவது பாட்டுல? என் குறட்டையில கூரை பறக்குதா? வீட்டுல நீ பாடிப் பழகினது என் காதுல விழாதுன்னு நினைச்சியா? ஒருத்தர் பாடினா இன்னொருத்தர் எசப்பாட்டு பாடணும். எனக்கு மட்டும் வாய் இல்லையா? போடுப்பா டிஸ்கை!"

போட்டான்.

பத்தாவதாக ஒரு பாட்டு! மருமகள் மெட்டுப் போட்ட நேரத்தில் பால் பொங்கி, அடுப்பு அணைந்து, வீடே பட்டினி கிடந்த கதை. ஹெட்போன் வீட்டுக் குளியலறையில் பதிவு செய்தது. கணீரென்ற குரல்!

பாடகிக்கு அழுகை நின்று சிரிப்பு பீறிட்டது. கொஞ்சம் பொறாமையும்தான்.

"அத்தை... என்னைவிட நல்லாப் பாடிட்டீங்களே!"

"ஆல்பத்துல சேர்ப்பியா, மாட்டியா?"

"சேர்க்கிறேன். ஆனா இதுக்கு நான் ஒரு பதில் பாடணும்!"

"பாடு! அதுக்கும் என்கிட்ட பதில் இருக்கு!"

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. ஸ்டேஷனிலிருந்து ஏட்டு.

"சார்... ஒருத்தர் பாதுகாப்பு கேட்டு வந்திருக்காரு. லாக்கப்புல போட்டாக்கூடப் பரவாயில்லைங்கறாரு!"

"யாருய்யா?"

"அந்தப் பாடகியோட புருஷன் சார். பொண்டாட்டி பாட்டு, அம்மா பாட்டு ரெண்டையும் கேட்டுட்டாராம்... எது நல்லாயிருக்குன்னு வீட்டுல கேப்பாங்களாம்!"