பூஜ்யத்துக்கு வராதவன்

லூர்துவின் வேட்கைமானி எட்டைத் தொட்டதை, பறவைக்கலம் ஓட்ட உரிமம் கொடுக்கும் குழுவின் மூன்று பேரும் சுவர்த்திரையில் பார்த்தார்கள். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பிலோமினாவும் பார்த்தாள்.

அரிசி அளவுள்ள அந்தக் கருவி காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருந்தபடி, மூளை மதுவுக்கு எவ்வளவு ஏங்குகிறது என்பதைப் பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லும். குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற எல்லோருக்கும் அது உண்டு. பெரும்பாலோர் வேட்கையடைப்பு ஊசி போட்டுக்கொண்டு பூஜ்யத்துக்கு வந்துவிட்டார்கள். லூர்துவின் உடம்பு அதை ஏற்கவில்லை. இரண்டு தடவை வலிப்பு வந்தது. அவனுக்கு மிஞ்சியது பழைய வழிதான்: செவ்வாய்க்கிழமை தோறும் தூத்துக்குடி மாதாகோவில் பள்ளி வகுப்பறையில் ஏழு பேர் கூடிப் பேசுகிற குழு. அடுத்த அறையில் குடும்பத்தாருக்கு ஒரு குழு. தம்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் வாயை மோந்து பார்க்கும் பழக்கத்தைப் பிலோமினா விட்டது அங்கே போன பிறகுதான்.

"நாலு வருஷம் ஆகியும் எட்டு," என்றார் உரிமக் குழுத் தலைவர் சண்முகவடிவு. "கொழும்புக்குப் போற பறவைக்கலத்துல நூறு பயணிகள். இவரை நம்பி எப்படிம்மா ஒப்படைக்கிறது? விதிப்படி மூணுக்கு மேல போகக்கூடாது."

லூர்து தலை நிமிரவில்லை. பிலோமினா எழுந்தாள்.

"இந்த நாலு வருஷத்துல அஞ்சுக்கு மேல எத்தனை தடவை போயிருக்குன்னு பாருங்க சார்."

குழுவிலிருந்த தொழில்நுட்பர் மானியின் பதிவில் தேடினார். "பதினேழாயிரத்து இருநூத்திப் பதினாலு."

"அதுல எத்தனை தடவை குடிச்சிருக்கான்?"

இரத்தப் பரிசோதனைப் பதிவையும் திறந்து பார்த்தார் அவர். "ஒரு தடவைகூட இல்ல."

அந்த எண்ணிக்கை பிலோமினாவுக்கும் புதிது. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை அவன் ஜெயித்திருக்கிறான், சத்தமே வரவில்லை. ஊரில் தம்பியைப் பற்றி யார் கேட்டாலும் பேச்சை மாற்றிப் பழகியவள், அன்று நிமிர்ந்து நின்று சொன்னாள்: "இவன் என் கூடப் பிறந்தவன் சார்."

திரையில் எண் நான்குக்கு இறங்கியிருந்தது.

"இப்ப என்ன பண்ணுனீங்க?" என்றார் தலைவர்.

"ஒண்ணுமில்ல சார்," என்றான் லூர்து. "எங்க குழுவுல பிஞ்ஞேரா அண்ணன் இருக்காரு. குடிச்சா செவ்வாக்கிழமை அவர் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு நெனச்சேன்."

உரிமம் கிடைத்தது. இரண்டு மாதத்தில் விதியும் மாறியது. விண்ணப்பத்தில் புதிதாக ஒரு கட்டம் வந்தது: 'வென்ற வேட்கைகள் எத்தனை?' ஊசி போட்டுக்கொண்டவர்கள் அதில் எழுத எதுவும் இல்லாமல் விழித்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பறை வாசலில் அவர்களில் முப்பது பேர் நின்றார்கள். குடும்ப அறைக்கு நாற்காலி எடுக்க வந்த பிலோமினா, கடைசியில் நின்றவரை அடையாளம் கண்டுகொண்டாள். சண்முகவடிவு. அவர் காதுக்குப் பின்னாலும் சின்னதாக ஒரு தழும்பு.

"எனக்கு ஒன்பது வருஷமா பூஜ்யம்," என்றார் லூர்துவிடம், தணிந்த குரலில். "குடிய விட்டது நானா, அந்த ஊசியான்னு எனக்கே தெரியல தம்பி."

லூர்து அக்காவின் கையிலிருந்த நாற்காலியை வாங்கி அவர் முன்னால் விரித்துப் போட்டான்.