மூன்றாம் பக்கத்துக் குதிரை

இருநூறு ஆண்டு மௌனத்தை ‘துறைமுகத் தூதன்’ நாளிதழ் இன்று மாலை மூன்று மணிக்குக் கலைக்கிறது. வரலாறு எழுந்து நின்று பேசப்போகிறது. கிங்ஸ்டன் அலுவலக வாசலில் தொங்கிய பதாகை அப்படித்தான் முழங்கியது. காலை பத்து மணிக்கு அந்த வரலாற்றில் ஒரு பக்கத்தைக் காணவில்லை.

பழைய இதழ்க் காப்பறைக்குள் மூச்சிரைக்க வந்து சொன்னவள் ஷெவோன் டலக். அடிமைமுறையின் வடுக்களைப் பற்றியும் அதற்கான இழப்பீட்டைப் பற்றியும் பத்திரிகைகள் என்ன எழுதின, என்னத்தை மூடி மறைத்தன என்று ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்க, ‘தூதன்’ உதவித்தொகை கொடுத்துத் தேர்ந்தெடுத்த மாணவி.

“மிஸ் ஐசி, 1807 ஆகஸ்ட் தொகுப்புல மூணாம் பக்கத்தை யாரோ பிளேடால அறுத்துட்டாங்க!”

காப்பாளர் ஐசில்டா பியூசி தின்றுகொண்டிருந்த ‘பேட்டி’ என்னும் இறைச்சி அடைத்த பலகாரத்தைக் கீழே வைத்தார். உதவியாளன் எவரால்ட் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டான். நாற்பத்திரண்டு வருட வாழ்க்கையில் அவன் காத்திருந்த குற்றம் இதுதான்.

“அதுல என்ன இருந்தது?” என்று கேட்டார் ஐசில்டா.

“ஒரு விளம்பரம். பத்திரிகையை ஆரம்பிச்ச ஹார்க்ரோவ் குடுத்தது, தப்பிச்சுப்போன ஒரு பொண்ணைப் பிடிச்சுத் தரச் சொல்லி. போன வருஷம் குறிப்பெடுத்து, அதை நம்பித்தான் விண்ணப்பமே போட்டேன். ‘தூதன்’ அப்படி எதுவும் போட்டதில்லைன்னு தேர்வுக்குழு சாதிக்குது. மூணு மணி விழாவுல அந்தப் பக்கத்தைக் காட்டலைன்னா நான் கதை கட்டினேன்னு தொகையை நிறுத்திடுவாங்க.”

“போட்டோ?”

“உள்ள போன் கொண்டுவரக்கூடாதுன்னு நீங்கதானே மிஸ் ஐசி சட்டம் போட்டீங்க.”

ஐசில்டா தொண்டையைச் செருமினார். “அவ பேரு?”

“பிபா. விண்ணப்பத்துலகூட நான் பேரைச் சொல்லலை.”

“பிபாவா! பேரைக் கேட்டாலே வயிறு எரியுது,” என்றான் எவரால்ட். “சனிக்கிழமை ரேஸ்ல அந்தப் புதுக் குதிரை மேலதான் கட்டினேன். கடைசியா வந்துச்சு.”

ஐசில்டா அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். ஷெவோனுக்குப் பிறகு அந்தத் தொகுப்பைத் தொட்டவர்கள் மூவர்: பேராசிரியர் பிளைத், பழைய தொகுப்புகளைத் தைத்துக் கட்டும் ரூபன், பத்திரிகைத் தலைவர் கிளிஃப்டன் ஹார்க்ரோவ்.

“பேராசிரியர்தான்! தாடியைப் பார்த்தாலே தெரியலையா?” என்றான் எவரால்ட்.

“உனக்குந்தான் தாடி இருக்கு.”

இரண்டு மணிக்கு எல்லோரும் தலைவரின் அறையில் கூடினார்கள். கண்ணாடி முன் நின்று ‘நெஞ்சு பொறுக்கவில்லை’ என்ற வரிக்குக் கையை எங்கே வைப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

“பழைய தொகுப்புல ஒரு விளம்பரப் பக்கம் காணாம போயிருக்கு, சார்,” என்றார் ஐசில்டா.

“ஒரு குதிரை விளம்பரத்துக்கா இவ்வளவு கலாட்டா?”

“விளம்பரம்னுதானே சொன்னேன். குதிரைன்னு யார் சொன்னது?”

ஷெவோன் நிமிர்ந்தாள். “மிஸ் ஐசி, அதுல குதிரைப் படம் இருந்தது! தப்பிச்சவங்க விளம்பரத்துக்கு ஓடுற ஆள் படம் செதுக்கின அச்சுக்கட்டையை வைப்பாங்க; அச்சுக்கோத்தவர் கை தவறிக் குதிரைக் கட்டையை வெச்சுட்டார்.”

“அப்ப பக்கத்தைப் பார்த்தவருக்குத்தான் அது தெரியும். பேரையும் அதுலேருந்துதான் எடுத்திருக்கணும். எவரால்ட், உன்னைக் கவுத்த பிபா யாரோட குதிரை?”

“அது… சாரோடது.” எவரால்ட் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பேராசிரியர் தாடியைத் தடவிக்கொண்டார். பந்தயக் கோப்பைகளுக்கு நடுவே மாட்டியிருந்த தங்கச் சட்டத்தை ஐசில்டா கழற்றி மேசைமேல் வைத்தார்.

“ஆமா, எடுத்தேன்!” என்றார் தலைவர், வெட்கமே இல்லாமல். “எங்க குடும்பத்துப் பெருமை, எங்க சுவத்துல இருக்கு. படிச்சுப் பாருங்க: ‘பிபா. கறுப்பு. வலது தோளில் ஹெச் முத்திரை. நல்ல வேகம்.’ எங்க முப்பாட்டனார் காலத்துலயே குதிரை வளர்த்திருக்கோம். இதுல மறைக்க என்ன இருக்கு?”

அவர் எதையும் மறைக்கவில்லை என்பதுதான் எவரால்டுக்குத் திகைப்பாக இருந்தது. மறைத்தது சட்டத்தின் அகலமான தங்க விளிம்பு. ஐசில்டா அதைப் பிரித்தார். கீழே இன்னும் இரண்டு வரிகள்.

ஷெவோன் வாசித்தாள்: “‘நன்றாகத் தைப்பாள். கைக்குழந்தையோடு போயிருக்கிறாள்.’”

ஐசில்டா தாளைத் தலைவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“எந்தக் குதிரை சார் தைக்கும்?” என்றார் ஐசில்டா.

மூன்று மணிக்கு ஷெவோன் அந்தப் பக்கத்தை மேடையில் காட்டி, ஒரு வரி விடாமல் படித்தாள். உதவித்தொகை உறுதியாயிற்று. தலைவருக்குத் திடீரென்று தொண்டை கட்டிக்கொண்டதால் அவர் உரை நடக்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் ‘தூதன்’ அந்தச் செய்தியை மூன்றாம் பக்கத்தில் போட்டது. பிபாவின் படம் வேண்டும் என்று செய்திப் பிரிவு படப் பட்டியலில் தேடியிருந்தது. அந்தப் பெயரில் இருந்தது ஒரே படம்; அதையே அச்சிட்டது. அது குதிரை.