எழுதாமல் விட்ட அறை

காலையில் ஜெஸிந்தா பற்பசை வைத்து அடைத்த ஆணித் துளைகள் மொத்தம் பதினொன்று. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஹாலுக்கு வந்தபோது பத்துதான் அடைபட்டிருந்தன. பதினொன்றாவது துளையில் வைத்த பசை வெளியே வந்து, சுவரோரமாகத் தரையில் சுருண்டு கிடந்தது. காய்ந்து உதிர்ந்திருந்தால் தூளாகியிருக்கும். இது முழுசாக, துளையின் நீளத்துக்கு, அந்தப் பக்கமிருந்து யாரோ குச்சியால் தள்ளிவிட்டதுபோல வந்திருந்தது.

அந்தப் பக்கம் இருந்தது வீட்டுக்காரர் பூட்டி வைத்திருந்த அறை. அவர்கள் குடியிருந்த இரண்டு வருடத்தில் அதை யாரும் திறந்ததில்லை.

குடி வந்த அன்று அவளும் அவள் கணவன் நெல்சனும் வீட்டில் என்ன இருக்கிறது, எது உடைந்திருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதி வாங்கவில்லை. வீட்டுக்காரர் எட்மண்ட் குன்னூரில் தனியாக இருக்கும் பெரியவர். இருபதாயிரம் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, "நமக்குள்ள எதுக்குங்க எழுத்தும் கையெழுத்தும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்போது நெல்சனுக்குக் கட்டபெட்டுப் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் வேலை இருந்தது. அதற்குப் பிறகு பச்சை இலை கிலோ நாலு ரூபாய்க்கு வந்துவிட்டது. பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று தோட்டச் சொந்தக்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டார்கள். ஃபேக்டரியில் பூட்டு விழுந்தது. நெல்சன் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்கு முன்னால் போயிருந்தான். அங்கே பிடித்து வைத்திருக்கும் வீட்டுக்கு நாளைக்குள் பணம் கட்டவேண்டும். எட்மண்டிடம் இருக்கும் இந்த அட்வான்ஸ்தான் அந்தப் பணம். அவர்களிடம் வேறு கிடையாது.

போன வாரம் பக்கத்து வீட்டு மாரியாயி எச்சரித்திருந்தாள். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் அவளுடையது.

"உனக்கு முந்தி இருந்த மூணு குடும்பத்துக்கும் அவரு அட்வான்ஸ் சல்லிய திருப்பிக் குடுக்கல புள்ள. அங்க கீறியிருக்கு, இங்க ஒடஞ்சிருக்குன்னு கழிச்சிட்டாரு. வந்தன்னிக்கு எழுதி வாங்கினியா?"

"இல்லைங்க்கா."

"அப்ப இப்பவாச்சும் ஒண்ணொண்ணா பாத்து எழுது. நான் சாட்சிக்கு ரேகை வைக்கிறேன். அந்தப் பூட்டுன காம்பராவ மட்டும் தொட்டுறாத."

அதனால்தான் இன்று நோட்டும் பேனாவுமாக நின்றாள். நாலு மணிக்கு எட்மண்ட் வந்துவிடுவார். ஐந்தே காலுக்குத் திருப்பூருக்குக் கடைசி நேர் பஸ். வெளியே மூடுபனி வீட்டை வளைத்துக்கொண்டு நின்றது. எதிர்ச் சரிவின் தேயிலைப் புதர்கள் முதலில் மறைந்தன, பிறகு சில்வர் ஓக் மரங்கள், பிறகு மாரியாயி வீட்டுக் கூரை. மின்சாரம் காலையிலேயே போயிருந்தது. சாமான் போன வீட்டில் அவள் நடக்கும் சத்தம்கூட வேறு யாரோ நடப்பதுபோல ஒரு கணம் தாமதித்துக் கேட்டது.

பற்பசையை மறுபடி பிதுக்கித் துளையில் வைத்து, பெருவிரலால் அழுத்தித் தேய்த்தாள். சுவர் ஐஸாக இருந்தது. விரலை எடுக்கப் போன நேரத்தில், விரலுக்கு அடியில் பசை மெல்லப் புடைத்தது. உள்ளேயிருந்து ஏதோ அவள் விரலைத் தள்ளிப் பார்த்தது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள். சுவரில் ஈரம் ஏறினால் அப்படித்தான் ஆகும் என்று சொல்லிக்கொண்டாள். இந்த மலையில் ஈரம் எதைத்தான் விட்டு வைக்கிறது?

பூட்டிய கதவின் கீழே பார்வை போனது. காலையில் அவள் ஈரத்துணியால் துடைத்த இடத்தில் செம்மண் கிடந்தது. ஒரு பிடி அளவுக்கு, ஈரமாக, கதவின் அடியிலிருந்து பிதுங்கி வந்திருந்தது. அதற்கு மேலே கதவின் பச்சைப் பெயின்ட் புதிதாக வெடித்து, மரச் சிலாம்புகள் வெளிப்பக்கமாகத் தலை நீட்டியிருந்தன. அவளுக்கு முதலில் வந்த பயம் பணத்தைப் பற்றியதுதான். இதைப் பார்த்தால் கதவுக்கென்று எவ்வளவு பிடிப்பார்? துணியை நனைத்துக்கொண்டு வந்து மண்ணைத் துடைத்தாள், சிலாம்புகளை நகத்தால் அமுக்கினாள். புதிதாகக் கொத்திய உருளைக்கிழங்குக் காட்டின் வாசம் வந்தது. அதன் அடியில் இன்னொன்று. பல நாள் குளிக்காத குழந்தையின் தலைவாசம்.

துடைத்து நிமிர்வதற்குள் மறுபடி மண்.

எலியாக இருக்கும். முள்ளம்பன்றியாக இருக்கும். நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தைரியத்துக்காகச் சத்தமாகவே சொல்லி எழுதினாள்.

"குழாய் ரெண்டு."

சுவருக்குள் பிராண்டும் சத்தம் கேட்டது. இரண்டு முறை.

பேனா நின்றது. சமையலறையின் பின்சுவர் மலையை ஒட்டியது. அதற்குப் பின்னால் ஆள் போக வழியே இல்லை. காத்திருந்தாள். கூரைத் தகரத்திலிருந்து பனித்துளி சொட்டும் ஓசை மட்டும் இருந்தது. 

"ஜன்னல் கண்ணாடி... ஆறு."

ஒன்று, இரண்டு, மூன்று. நிதானமாக, தப்பிவிடக் கூடாதே என்ற கவனத்தோடு, ஆறு. ஆறாவது முடிந்ததும் நின்றது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து சுவர் தானாகவே ஒரு முறை பிராண்டியது. அடுத்தது என்ன என்று கேட்பதுபோல.

ஓடியிருக்கலாம். ரோட்டுக்குப் பத்து நிமிஷம். ஆனால் சாவியைக் கையில் கொடுக்காமல் போனால் இருபதாயிரத்தை மறந்துவிட வேண்டியதுதான். திருப்பூரில் நெல்சன் சாமான்களோடு தெருவில் நிற்பான். அவள் வாசற்படியில் போய் உட்கார்ந்து, கதவை முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டு, பனிக்குள் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். அவள் உட்கார்ந்த இடத்துக்கு நேராக, வீட்டுக்குள், சுவரோரம் அந்தச் சத்தமும் வந்து சேர்ந்தது. பிறகு அமைதியானது. அவளோடு சேர்ந்து காத்திருந்தது.

எட்மண்ட் குடையோடு பனியிலிருந்து வெளிப்பட்டபோது அவளுக்கு அழுகை வந்தது. நோட்டை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. உள்ளே போய், சுவரையோ குழாயையோ பார்க்காமல், பூட்டிய கதவுக்குக் கீழே கிடந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவு விளிம்பு முழுக்க இப்போது மண் வரப்பு கட்டியிருந்தது.

"எண்ணுச்சுங்களா?" என்று கேட்டார்.

ஜெஸிந்தா நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்தாள்.

"பத்து வரைக்கும் எண்ணச் சொல்லிக் குடுத்திருந்தேனுங்க. மறந்திருக்கும்னு நெனச்சேன்." அவர் குரல் தாழ்ந்தது. "ஆன்சி. எம் பொண்ணுங்க. அஞ்சு வயசு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு மழையில மலை இறங்கி இந்த ரூமோட அவளை மூடிருச்சு. தோண்டினா மிச்ச வீடும் போயிரும்னு சொல்லிட்டாங்க. மண்ணுக்கு முன்னாலயே சுவர் எழுப்பி, கதவை மட்டும் விட்டுட்டேன். அப்பன் வந்தா திறக்கோணுமில்லைங்க."

"சார், எம்பணத்தைக் குடுத்துருங்க. நான் போறேன்."

"இந்த ஊட்ல ஆள் புழங்குனா அவ அடங்கிக் கிடப்பாளுங்க. காலி பண்றாங்கன்னு தெரிஞ்சாத்தான் இப்படி. அட்வான்ஸைப் பிடிச்சுக்கிட்டா போக மாட்டாங்கன்னு பாத்தேன். ஒவ்வொருத்தரும் பணத்தை விட்டுட்டே போயிட்டாங்க." அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "கிறிஸ்துமஸ் வரைக்கும் இருங்கம்மா. வாடகை வேண்டாம்."

"முடியாதுங்க சார்."

"இப்ப இந்த ஊர்ல வீடு கேட்டு யாருங்க வர்றாங்க?" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை.  பிறகு கோட்டுக்குள்ளிருந்து ரப்பர் பேண்ட் போட்ட பணக்கட்டை எடுத்தார். "உங்கட்ட பிடிக்க எனக்கு மனசு வரலைங்க. நான் இங்கயே இருந்துக்கறேன். பெத்தவன் நான்தானே இருக்கோணும்."

பூட்டு துருப்பிடித்திருந்தது. இரண்டு கையும் வேண்டியிருந்ததால் பணக்கட்டைத் தரையில், கதவோரம் வைத்தார். சாவி மூன்று முறை வழுக்கியது. அவள் வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. பணக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது.

உள்ளே அறை இல்லை. நிலைக்கு நிலை, மேலிருந்து கீழ்வரை செம்மண். வேர்கள் அதிலே நரம்புபோல ஓடின. சமமாக, ஈரமாக, கல்போல இறுகிய மண். இடுப்பு உயரத்தில் மட்டும் ஒரு பொந்து. விளிம்பு விரலால் வழித்து வழித்து மழமழவென்று ஆகியிருந்தது. அதிலிருந்து வெள்ளையாக மூச்சுப் புகை வந்தது. நின்றது. வந்தது.

எட்மண்ட் மண்டியிட்டார். "ஆன்சிக் கண்ணு. அப்பா வந்துட்டேன்."

பொந்துக்குள்ளிருந்து இரண்டு கைகள் வந்தன. வெளிச்சம் படாத முளைபோல வெளுத்த கைகள். அவை அவர் முகத்தைத் தொட்டன. பார்வையில்லாதவர் தடவுவதுபோல நெற்றி, கண், தொங்கிய கன்னம், நரைத்த மீசை. அவர் அசையாமல் காட்டிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. விரல்கள் மறுபடி முதலிலிருந்து தடவின. மீசையில் தயங்கின. கன்னத்துச் சுருக்கத்தில் தயங்கின.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய முகத்தை அவை தேடிக்கொண்டிருந்தன.

கிடைக்கவில்லை. விரல்கள் முகத்தை விட்டன.

"கண்ணு, அப்பாடா..."

கைகள் அவரை ஒதுக்கின. முரட்டுத்தனம் இல்லாமல், கதவோரம் கிடக்கும் நாற்காலியை நகர்த்துவதுபோல. அவர் பக்கவாட்டில் சரிந்தார்.

"சார்!" என்று கத்திவிட்டாள் ஜெஸிந்தா.

கத்தியிருக்கக் கூடாது.

இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. இரண்டு வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் பாடிய, பேசிய, நெல்சனோடு சண்டை போட்ட குரல். அந்தக் குரலை அவை அறிந்திருந்தன. மெல்ல அவள் பக்கம் திரும்பின.

அவள் மூச்சைப் பிடித்தாள். அசைந்தால் சத்தம் கேட்டுவிடும்.

ஒரு கை தரையில் இறங்கியது. தடவியது. பணக்கட்டு தட்டுப்பட்டது. அதைத் தள்ளிவிட்டது. இன்னும் முன்னால் வந்தது.

ஐந்து வயதுக் கை இல்லை அது.

சிமெண்டுத் தரையில் நகங்கள் உரசின. முழங்கை வெளியே வந்தது. அதற்கப்புறமும் கை வந்துகொண்டே இருந்தது.