ஏழாவது ஜன்னல்

கடிகாரம் பழுதுபார்ப்பவரின் வீட்டுக்கு நான் போனது ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. பேய்க்கதை தொடங்குகிற நேரமா அது? நல்ல வெயில். மாடியறை முழுக்க மெஷின் எண்ணெய் வாசனை. மேசைமேல், நான் மூன்று வருடமாகத் தேடி அலைந்த சாமான்: சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில். ஒரு இன்ஜின், ஒரு பெட்டி, வட்டமாக ஒரு தண்டவாளம்.

பெட்டியின் ஜன்னல்களில் பயணிகளின் முகங்கள் அச்சாகியிருந்தன. தொப்பிக்காரர், மீசைக்காரர், குழந்தையோடு ஒரு அம்மா. ஏழாவது ஜன்னலில் மட்டும் முகம் இல்லை. யாரோ கத்தியால் சுரண்டியிருந்தார்கள்.

"இதுக்கு என்னங்க ஆச்சு?"

"அது அப்படியே இருக்கட்டும்," என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

மனைவியை இழந்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். துக்கத்தில் இருப்பவரைக் குடைய வேண்டாம் என்று விட்டுவிட்டேன். குடைந்திருக்க வேண்டும்.

பழைய பொம்மை ரயில் சேர்ப்பவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. துருப்பிடித்திருக்கலாம், நெளிந்திருக்கலாம், சக்கரமே கழன்றிருக்கலாம். புதிதாகப் பெயின்ட் மட்டும் வைக்கக் கூடாது. வைத்தவன் எங்கள் ஆட்கள் முன்னால் தலைகாட்ட முடியாது. எனக்கும் அது தெரியும். ஆனால் என் தொழில் செயற்கைப் பல் செய்வது. பக்கத்துப் பல்லின் மஞ்சளையும் கறையையும் மெல்லிய தூரிகையில் கொண்டுவந்து, கட்டியது எது, முளைத்தது எது என்று பல் டாக்டரையே திணறடிக்கிறவன் நான். அந்த வெற்று ஜன்னலைப் பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது.

ரயிலை வாங்கிவந்த மூன்றாம் நாள் சாயங்காலம் தூரிகையோடு உட்கார்ந்துவிட்டேன். வரைய ஒரு முகம் வேண்டுமே? எதிரில் என் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அசையாத, ரெண்டே நிமிஷம்."

"கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்துல என் மூஞ்சிய இப்படி உத்துப் பார்த்ததே இல்ல. உங்க ரயிலுக்குத்தான் நன்றி சொல்லணும்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் சேர்த்தே வரைந்தேன். அவள் உரித்த பட்டாணி அளவுக்கு ஒரு முகம். அச்சு அசல் அவளேதான். பெருமை தாங்காமல் சாவி கொடுத்து நாலு சுற்று ஓடவிட்டேன்.

மறுநாள் காலை அவள் தலைமுடியில் கரிப்புகை வாசனை அடித்தது.

"இடுப்பே விட்டுப்போச்சுங்க. விடிய விடிய உட்கார்ந்தே வந்த மாதிரி இருக்கு," என்றாள். நான் தலையணைமேல் பழியைப் போட்டுவிட்டு, வேலைக்குப் போகும் முன் இன்னும் கொஞ்சம் ரயில் ஓட்டினேன். அடுத்த நாளும் ஓட்டினேன். அன்று தண்ணீர் டம்ளரை அவளிடம் நீட்டியபோது, ஓடும் வண்டியில் தளும்பாமல் பிடிப்பதுபோல் அதன் வாயை உள்ளங்கையால் மூடி வாங்கிக்கொண்டாள். அதன்பிறகு கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சுவரையே வேடிக்கை பார்த்தாள். மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன்.

ஏழாவது ஜன்னலில் அவள் சிரிக்கவில்லை.

நான் வரைந்தது சிரித்த முகம்.

சுரண்டக் கத்தியை எடுத்தேன். ஏற்கெனவே ஒருவர் சுரண்டிய இடம் அது என்பது அப்போதுதான் உறைத்தது. கடிகாரக்காரருக்குப் போன் போட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கேட்டார்.

"வரைஞ்சிட்டீங்களா?"

"என் வீட்டுக்காரிய வரைஞ்சுட்டேன். சுரண்டிடட்டுமா?"

"சுரண்டாதீங்க," என்று கிசுகிசுத்தார். "நான் சுரண்டினேன். அன்னைக்கு மத்தியானமே அவ போயிட்டா."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? வண்டிய மட்டும் ஓட்டாதீங்க. ஒவ்வொரு சுத்துக்கும் அவங்க தூரமாப் போறாங்க."

எத்தனை சுற்று ஓட்டியிருப்பேன் என்று எண்ணப் பார்த்தேன். கணக்கே கிடைக்கவில்லை. எந்த ரயிலும் வேண்டாம், அவள் இருந்தால் போதும் என்று வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே இன்ஜினைப் பிரித்து ஸ்பிரிங்கை உருவினேன். தண்டவாளத்தைக் கழற்றிக் கட்டினேன். பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பலன் தெரிந்தது. புகை வாசனை போனது. இரண்டே நாளில் அவள் பழையபடி என்னைத் திட்ட ஆரம்பித்தாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு அவள் கத்தியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியே வெயில் விழுந்தது. அவள் தலை என் தோளில் இருந்தது.

தலையை நிமிர்த்தினாள்.

"ஏங்க, கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

"ஏன், வேர்க்குதா?"

"இல்லங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வண்டி நின்னுடுச்சுல்ல. நிறைய பேரு ஏறிட்டாங்க. இவரு ரொம்ப நேரமா நிக்கிறாரு."

எதிரே யாரும் இல்லை.

ஏன் நகர்ந்தேன் என்று தெரியவில்லை. நகர்ந்தேன்.

எங்கள் இருவருக்கும் நடுவே சோபா மெத்தை மெதுவாக அமுங்கியது.