கணு இல்லாத இலை

விடியல் மணி அடித்தது. கேளம்பாக்கம் குடியிருப்புக் கோபுரத்தின் காற்றுவாய்கள் கரகரவென்று திறந்துகொண்டன. சௌந்தரா ஈரத்துணியைப் பிழிந்து, இலை துடைக்க ஆரம்பித்தாள்.

வீடு முழுக்கக் கொடிகள். ஜன்னல் கம்பி, கூரைக் கொக்கி, அலமாரியின் தலை என்று எங்கே பார்த்தாலும் தொங்கிக்கொண்டிருந்தன. பழைய ஆட்கள் ஹோயா என்பார்கள், கோபுரத்தில் மெழுகுக்கொடி. மெழுகை உருக்கி ஊற்றிய மாதிரி தடித்த, பளபளத்த இலைகள். ஒன்றுக்கு வெள்ளித்துளி தெளித்த இலை. இன்னொன்று முறுக்கிப் பிழிந்த கயிறு போலச் சுருண்டிருக்கும். இதய இலைக்கொடி மட்டும் ஒரு சுவரையே பிடித்துக்கொண்டிருந்தது. துடைத்த ஒவ்வொன்றின் இலையிலும் மூச்சுமானியைக் கவ்வ வைத்தாள். பச்சை. பச்சை. பச்சை.

இருபது கொடிகளுக்கும் பச்சை. அந்த வீட்டில் தூங்குகிறவள் ஒருத்திதான்.

மற்ற செடிகள் பகலில் உழைத்து ராத்திரி ஓய்ந்துவிடும். மெழுகுக்கொடி அப்படியல்ல. இருட்டிய பிறகுதான் அதன் இலைத் துளைகள் திறக்கும்; மனிதன் விட்ட கெட்ட மூச்சை ராத்திரி பூராவும் குடிக்கும். வெளியே புழுதி இறங்கும் நேரம் அது. அந்தி மணி அடித்தால் கோபுரத்தின் காற்றுவாய்கள் மூடிவிடும். பிறகு வீட்டுக்குள் இருப்பவர்களுக்குக் கொடிதான் கதி. அதனால் ஒரு தலைக்கு ஒரு கொடி, அதுவும் அவரவர் பெயரில் பதிந்த கொடி. ராத்திரியில் கணக்குக்கு மேல் ஒரு தலை உள்ளே இருந்தால் வீட்டுக் கதவே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். கொடி இல்லாதவர், வயது எதுவானாலும், முகமூடியை மாட்டிக்கொண்டு கீழே வெளித்தளத்தில் போய்ப் படுக்க வேண்டும்.

"அக்கா, கதவைத் தொற."

தம்பி நன்மாறனின் குரல். இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறான். கதவைத் திறந்தாள். அவனுக்குப் பின்னால் அவன் மனைவி மிருதுளா, வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன, ஜோடியா? கத்தரிக்கோல் கொண்டு வந்திருக்காளா உன் பொண்டாட்டி?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதக்கா."

ஆரம்பித்தது சௌந்தரா இல்லை. நன்மாறனுக்குக் கல்யாணமான புதிதில், சௌந்தரா கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த மிருதுளா கருஞ்சிவப்புக் கொடியின் பூக்காம்புகளை எல்லாம் நறுக்கிப் போட்டுவிட்டாள். "காஞ்ச குச்சியெல்லாம் எடுத்துட்டேன் அண்ணி, எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க!" அது காய்ந்த குச்சி இல்லை. மெழுகுக்கொடி பூ உதிர்த்த பிறகும் காம்பை வைத்திருக்கும். மறுவருஷம் அதே காம்பில்தான் மொட்டு விடும். வருஷக்கணக்கில் காத்திருந்து கண்ட பூ. அதற்குப் பிறகு அந்தக் கொடி பூக்கவே இல்லை. சௌந்தராவும் மிருதுளாவிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லை.

"புள்ளைக்கு ஒரு துண்டு வேணும்க்கா," என்றான் நன்மாறன். "எங்க ரெண்டு கொடியும் இளசு. அதுல வெட்டினா எங்களுக்கே காத்து பத்தாது. காத்து வாரியத்துல புதுக்கொடி குடுக்கறத நிறுத்திட்டாங்க. சொந்தக்காரங்க குடுத்தாத்தான் உண்டு. நீதான் இருக்க."

"அவ கேக்கட்டும்."

மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள். "குடுங்க அண்ணி."

"குடுங்கன்னா? தண்ணி கேக்கற மாதிரி கேக்கறே?"

"தயவு பண்ணிக் குடுங்க அண்ணி."

தயவு என்ற சொல்லை அவள் கல்லைத் துப்புகிற மாதிரித் துப்பினாள். சௌந்தரா புன்னகைத்தாள்.

உள்ளே போய் இதய இலைக்கொடியின் முன்னால் நின்றாள். துண்டு என்றால் கணுவோடு வெட்ட வேண்டும். இலை தண்டில் ஒட்டுகிற அந்தச் சின்ன முடிச்சில்தான் புதுக்கொடியின் உயிர் இருக்கிறது. கணுவை விட்டுவிட்டு இலையை மட்டும் கிள்ளி நட்டால் வேர் விடும், வருஷக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். மூச்சுமானிகூடப் பச்சை காட்டும். ஆனால் இன்னொரு இலை விடாது. கொடி ஓடாது. கோபுரத்தில் அதற்குக் குருட்டு இலை என்று பெயர்.

சௌந்தரா கணுவுக்கு மேலே வெட்டினாள்.

தேங்காய்நார்த் துகளில் காம்பை நன்றாகப் புதைத்து, தொட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். வளராது என்று தெரிந்ததும் மிருதுளா மறுபடி வருவாள். அப்போது இந்த மாடியே பார்க்கக் காலில் விழட்டும். அதன் பிறகு கணுவோடு ஒன்று கொடுத்தால் போகிறது.

மிருதுளா தொட்டியை வாங்கினாள். கட்டைவிரலை நாருக்குள் விட்டு, காம்பின் அடியை ஒருமுறை தடவினாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"ரொம்ப நன்றி அண்ணி. அழகா இருக்கு," என்றாள்.

அன்றே பதிவு நடந்தது: கொடுத்தவர் சௌந்தரா, பெறுவது மிருதுளாவின் சிசு. மாதங்கள் ஓடின. சௌந்தரா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிருதுளா வரவே இல்லை.

*

ஆண் குழந்தை. பிரசவ வார்டில் மருத்துவமனைக் காற்று கொஞ்ச நாளைக்குத்தான். வீட்டுக்கு அனுப்புமுன் குழந்தையின் கொடியைச் சோதிப்பார்கள். சோதித்தார்கள். மறுநாள் காலை மாடியின் பொதுக்கூடத்தில் விசாரணை என்று சௌந்தராவின் சுவர்த்திரையில் செய்தி மின்னியது.

மாடி மொத்தமும் கூடியிருந்தது. காற்று ஆய்வர் பெர்னதெத் மேசை மேல் தொட்டியை வைத்தார். அதே ஒற்றை இதய இலை, பளபளவென்று.

"சௌந்தராம்மா, இது நீங்க குடுத்ததுதானே?"

"ஆமா."

"கணு இல்ல. வேரோட எடுத்துப் பாத்தாச்சு. கத்தி பட்ட இடம் சுத்தமா கணுவுக்கு மேல இருக்கு. இருபது கொடி வளக்கறவங்க கை தவறிச்சுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்."

சௌந்தரா தொட்டியிலிருந்து பார்வையை விலக்கினாள்.

பெர்னதெத் குரலை உயர்த்தாமல் விதியைச் சொன்னார். குருட்டு இலை கொடுத்து ஏமாற்றினால், ஏமாற்றியவரின் சொந்தப் பெயரில் பதிந்த கொடி ஏமாந்தவருக்குப் போகும். ஏமாற்றியவருக்கு இனி வேறு கொடி கிடையாது. "உங்க பேர்ல இருக்கற வெள்ளித்துளிக் கொடி இன்னிக்கே குழந்தை பேருக்கு மாறும். நீங்க அந்தி மணிக்கு வெளித்தளம் போயிடணும்."

"மத்த கொடிங்க இருக்கே..."

"அதுல ஒண்ணுலயும் உங்க பேர் ஏறாது."

வெளித்தளம். புழுதி. முகமூடிக்குள் இருமும் கிழங்கள். சௌந்தரா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் மிருதுளா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை, ஆத்திரப்படவில்லை. கடைக்காரர் சில்லறை எண்ணித் தரும்வரை காத்திருப்பவள் போலச் சாவகாசமாக இருந்தாள். அந்தச் சாவகாசம்தான் சௌந்தராவின் மண்டையில் அறைந்தது. கட்டைவிரல். நாருக்குள் போன அந்தக் கட்டைவிரல்!

தெரிந்தேதான் வாங்கியிருக்கிறாள். கேட்டால் கிடைப்பது ஒரு பொடித் துண்டு. சும்மா இருந்தால் கிடைப்பது முழுசாய் வளர்ந்த கொடி, கூடவே நாத்தனாரின் இடம் வெளித்தளத்தில்!

"மேடம்!" சௌந்தரா எழுந்துவிட்டாள். "ஏமாந்தாத்தானே அந்த விதி? தெரிஞ்சே வாங்கியிருந்தா?"

"தெரிஞ்சே வாங்கினா அதுக்குப் பேர் ஏமாத்து இல்ல, கூட்டு. ரெண்டு பேருக்கும் தண்டனை உண்டு. ஆனா அதை நீங்க நிரூபிக்கணும்."

"அந்தத் தொட்டிய நல்லாப் பாருங்க. கொழுகொம்பு எங்க?"

கூட்டம் எட்டிப் பார்த்தது. கோபுரத்தில் ஒரு வீட்டுக்குத் துண்டு வந்தால் அன்றைக்கே கொழுகொம்பு நட்டு, மஞ்சள் நூல் சுற்றி, அக்கம்பக்கத்துக்குச் சர்க்கரை கொடுப்பார்கள். பிள்ளைக்கான கொடி என்றால் கேட்கவே வேண்டாம். இந்தத் தொட்டியில் கொம்பு இல்லை. நட்டுப் பிடுங்கிய ஓட்டையும் இல்லை.

"அட, ஆமா!" எதிர்வீட்டுக் குலோத்துங்கன் துள்ளி எழுந்தார். "எங்களுக்குச் சர்க்கரையே வரலியே! அப்பவே கேக்கணும்னு இருந்தேன். என் சம்சாரம்தான் அலையாதீங்கன்னுட்டா."

"பெத்த புள்ளையோட கொடி," என்றாள் சௌந்தரா. "ஏறாதுன்னு தெரிஞ்சவதான் கொம்பு நடாம விடுவா. கேளுங்க மேடம் அவள!"

மிருதுளாவின் முகம் முதல்முறையாக வெளிறியது. "மசக்கை... முடியல... மறந்துட்டேன்..."

"வந்த நாள்லேர்ந்து பிள்ளை பொறக்கற வரைக்குமா?" என்றார் பெர்னதெத்.

மிருதுளா நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரல் இப்போது வேறாக இருந்தது. "ஆமா, தெரியும். தொட்ட ஒடனே தெரியும். குருட்டு இலைய நீட்டினவங்களுக்கு நான் வேற என்ன பண்ணணும்? மறுபடி கால்ல விழணுமா?"

கூட்டம் 'ச்ச்ச்' கொட்டியது. சௌந்தராவுக்கு நெஞ்சுக்குள் ஜிவ்வென்று ஏறியது. ஜெயித்துவிட்டாள்.

பெர்னதெத் கைப்பலகையில் விரலை ஓட்டினார். "கூட்டுக் குற்றம். சௌந்தராம்மா கொடி அவங்ககிட்டயே இருக்கும். ஆனா யாருக்கும் துண்டு குடுக்கற உரிமை ஆயுசுக்கும் போச்சு. மிருதுளா, உங்க குழந்தைக்காக யார்கிட்டயும் துண்டு வாங்கற உரிமை உங்களுக்கும் போச்சு. குழந்தை பேர்ல இப்போதைக்கு இருக்கறது இந்தக் குருட்டு இலைதான். இது கணக்குல சேராது."

 அந்தத் தீர்ப்பின் அர்த்தம் கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக எல்லோருக்கும் உறைத்தது. சௌந்தராவுக்குக் கடைசியாக உறைத்தது.

"அப்ப... புள்ள?"

"வெளித்தளம்."

"பச்சப்புள்ள மேடம்! அவ்வளவு சின்னதா முகமூடியே கிடையாதே!" சௌந்தரா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "என்னோடத எடுத்துக்கங்க. வெள்ளித்துளிய அவன் பேருக்கு மாத்துங்க. நான் போறேன் கீழ."

"ரெண்டு நிமிஷம் முன்னாடி நான் அதைத்தானே எழுதிக்கிட்டு இருந்தேன்?" என்றார் பெர்னதெத். "நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க. இனி நீங்க கொடி வளக்கலாம். துடைக்கலாம். பாத்துக்கிட்டு இருக்கலாம். குடுக்க முடியாது."

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அதுவரை ஒரு வார்த்தை பேசாத நன்மாறன் எழுந்து நின்றான்.

"அப்பன் கொடிய புள்ள பேருக்கு எழுதலாமா மேடம்?"

"ஒரே வீட்டுக்குள்ள, அப்பா பிள்ளைக்குள்ள எழுதலாம்."

"எழுதிக்கங்க."

"மாறா!" என்றாள் சௌந்தரா. "என்னங்க!" என்றாள் மிருதுளா. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தன. அவன் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. பெருவிரலைப் பலகையில் வைத்து அழுத்தினான்.

*

அந்தி மணிக்குக் கொஞ்சம் முன்னால் நன்மாறன் லிஃப்ட் அருகில் நின்றான். கக்கத்தில் பாய். கழுத்தில் தொங்கிய முகமூடி யாரோ பயன்படுத்திவிட்டுப் போட்டது, வார் நைந்திருந்தது. மிருதுளா குழந்தையோடு ஒரு பக்கம், சௌந்தரா ஒரு பக்கம்.

"வார் சரியில்லடா. குடு, முடிச்சுப் போட்டுத் தரேன்," என்று சௌந்தரா கையை நீட்டினாள்.

மிருதுளா குறுக்கே வந்தாள். "தொடாதீங்க. நீங்க தொட்டது போதும்."

"நான் தொட்டதா? பொண்டாட்டியா நீ? புள்ளைய வெச்சு சூதாடினவ!"

"ஆட்டத்த ஆரம்பிச்சது யாரு?"

லிஃப்ட் வந்தது. நன்மாறன் உள்ளே போய்த் திரும்பி நின்றான். "அவன் ராத்திரில வீறிட்டு அழுவான்னு நர்ஸ் சொன்னாங்க," என்றான். "தனியாப் பாத்துக்க முடியாது. அக்கா, நீ கொஞ்சம்..." கதவு மூடிக்கொண்டது.

அந்தி மணி அடித்தது. காற்றுவாய்கள் ஒவ்வொன்றாக மூடும் சத்தம் நடைபாதை நெடுக ஓடியது. மிருதுளா விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்க் கதவை இறுக்கினாள். உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. மெல்லிய, உடைந்த அழுகை; நிற்பதாக இல்லை.

சௌந்தரா தன் வீட்டு வாசல்வரை போனாள். திரும்பி வந்தாள். கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான். கொஞ்ச நேரம் புள்ளைய நான் வெச்சுக்கறேன். தொற."

உள்ளே காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மிருதுளாவின் குரல் நிதானமாக வந்தது.

"இந்த வீட்ல ரெண்டு மூச்சுக்குத்தான் கொடி இருக்கு அண்ணி. மூணாவது ஆள் உள்ள வந்தா கதவு கத்தும். அதுக்குத்தானே உங்க தம்பிய கீழ அனுப்பி வெச்சிருக்கோம்."